கூத்துப் புத்தகத்துக்கு விலை பேசியது

பழைய பேப்பர் கடைத் தராசை நம்புகிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நகைக்கடையில் வாயைத் திறக்காதவர்கூட எங்களிடம் வந்தால் குனிந்து முள்ளைப் பார்ப்பார். என்னைப் போல எடைக்கல்லோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். சாக்குப்பையும் சைக்கிளுமாக நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றி, நாய்க்கும் செக்யூரிட்டிக்கும் பதில் சொல்லி, அப்புறம் பக்கத்து ஊரான வடக்குத்தில் கடை போட்டவள் நான். வாய் கொஞ்சம் நீளம். "ஸ்டெல்லாக்கா கடையா, பாத்துப் பேசு" என்பார்கள். அந்த வாயை ஒரே ஒருமுறை அடைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எடைக்கா, வயசுக்கா?

எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்த கையோடு சண்முகம் சார் கடைக்கு வந்தார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர், பெர்மனென்ட். மாசாமாசம் எனக்குப் பேப்பர் போடுகிறவர், அன்றைக்கு வாங்க வந்திருந்தார். பழைய நாடகப் புத்தகம் வேண்டுமாம். பழசு என்றால் தாத்தா காலத்துப் பழசு. "எங்கிட்ட எடைக்குத்தான் சார் இருக்கு, வயசுக்கு இல்லை" என்று பாலிடெக்னிக் கைடுகளைக் காட்டினேன். ஆள் நகரவில்லை.

மெதுவாக விஷயம் வந்தது. ஒரே மகள் நித்யா. கிடைத்த இன்ஜினியரிங் சீட்டை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்கு நாடகம் படிக்கப் போய்விட்டாள். அன்றோடு இவர் பேச்சை நிறுத்தினார். இப்போது அவள் பெரிய வேஷம் போடுகிறாள், அடுத்த மாதம் மேடை. "அப்பா வருவாரா?" என்று அம்மாவிடம் போனில் கேட்டிருக்கிறாள். இவருக்கும் போக ஆசைதான். போய் நின்று முதல் வார்த்தை என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. பழைய நாடகப் புத்தகங்களுக்காக மகள் அலைகிறாள் என்று மனைவி சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல பலாப்பழமாக வாங்கிக்கொண்டு போங்களேன் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "பலாப்பழத்தைக் குடுத்தா நான் ஏதாவது பேசணும்க்கா. புத்தகம்னா அதுவே பேசிடும்."

அட்டை தனி, தாள் தனி

ரிட்டயர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போதுதான் எங்களுக்கு அறுவடை. வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்ததை ஒரே மத்தியானத்தில் தள்ளிவிடுவார்கள். அந்த வாரமே அப்படி ஒரு வீட்டில் கட்டிக்கொண்டு வந்த மூட்டையை, தலைவலி என்று பிரிக்காமல் கடையில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால், உள்ளே இருந்திருக்கிறது குண்டாக ஒரு நாடகப் புத்தகம். இருந்திருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். கெட்டி அட்டை தாளோடு கலந்து போனால் மில்காரன் கழித்துவிடுவான். அதனால் எங்கள் தொழிலில் பைண்டு புத்தகம் வந்ததும் முதல் வேலை அட்டையைப் பிய்ப்பதுதான். தரம் பிரிக்கும் இருசாயி வழக்கம்போல அட்டையைப் பிய்த்து, தையலை உருவி, தாளைக் குவியலில் சேர்த்திருந்தாள். விடிகாலை லாரியில் பாதி போய்விட்டது. மீதியில் தலையும் இல்லை வாலும் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. இருசாயி கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை, முகத்தையும் தூக்கவில்லை. "நேத்து வரைக்கும் அட்டைய விட்டா திட்டுன. இன்னிக்குப் பிச்சா திட்டுற. நாளைக்கு இன்னாத்துக்குத் திட்டுவன்னு இப்பவே சொல்லிடுக்கா."

விலை கூட்டியும் வேலைக்கு ஆகவில்லை

திட்டு வாங்கிய அதே இருசாயிதான் சாயங்காலம் வழியும் சொன்னாள். வேறொருத்தியாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அவள் ஊர் காடாம்புலியூர். அங்கே முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருக்கும் அஞ்சலை வீட்டில் கூத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறதாம், சரஸ்வதி பூஜைக்கு விளக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். மறுநாளே மொபெட்டை எடுத்தேன்.

அஞ்சலைக்கு என் வயதுதான் இருக்கும். அவர் மாமனார் வழியில் எல்லாரும் வேஷம் கட்டியவர்கள். கொட்டகைப் பெண் ஒருத்தியிடம் புத்தகத்தை மாடத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னார். சிவப்புத் துணிக்குள்ளே, தேத்தண்ணி நிறத் தாளில், கொட்டை கொட்டையாக எழுத்து. ஒரு பக்கம் குறையவில்லை. நெய்வேலி சார் ஒருவருக்கு வேண்டும் என்று நான் ஒரு விலை சொன்னேன். அஞ்சலை கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். விலையைக் கூட்டினேன். அப்போதும் உடைத்துக்கொண்டுதான் இருந்தார். எதிராளி வாய் திறக்காமல் நானே விலையைக் கூட்டிய வியாபாரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில் யாரும் படிக்காத புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அஞ்சலை நிதானமாகச் சொன்னார்: "வெல பேசிகினு இருக்காதீங்க, இது விக்கிற பொருள் இல்ல. வேசம் கட்டுறவங்க நேர்ல வந்து கேட்டா சும்மாவே குடுப்போம், அதுதான் இந்த வூட்டு வழக்கம். வேசம் கட்டுறது நீங்களா, அந்த சாரா?"

கடையிலிருந்து ஒரு போன்

திரும்பி வந்து சண்முகம் சாரிடம் சொன்னேன். மகளோடு பேசுவதற்காகத் தேடிய புத்தகம், மகளோடு பேசினால்தான் கிடைக்கும். மனிதர் பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டுப் பாருங்களேன் என்றார். "ஊர்க் காசையெல்லாம் அங்க கொட்டுவீங்க, பெத்த பொண்ணுக்கு ஒரு போன் போட மாட்டீங்களா சார்?" என்று எரிந்து விழுந்தேன்.

போனை எடுத்தார். பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். என் தராசையே பார்த்துக்கொண்டு, அடுத்த ஷிப்ட்காரரிடம் வேலையை ஒப்படைக்கிற குரலில் பேசினார். "நித்யா, அப்பா பேசறேன். சாப்டியா? காடாம்புலியூர்ல ஒரு பழைய கூத்துப் புத்தகம் இருக்கு. நீ வந்து கேட்டாதான் குடுப்பாங்களாம்." அந்தப் பக்கம் ஏதோ குரல் கேட்டது. இவர் தலையை ஆட்டிவிட்டுக் கட் செய்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, என்னதான் சொன்னாள் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "பண்ருட்டியில எறங்கி எந்த பஸ் ஏறணும்னு கேக்கிறா."

கைக்குக் கை

நாடகத்துக்கு முந்தின நாள் காலையில்தான் அவளுக்கு நேரம் கிடைத்தது, மாலை ஒத்திகைக்குத் திரும்பிவிட வேண்டும். கொட்டகையில் அப்பாவும் மகளும் ஒரு முந்திரி மூட்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். வேஷக்காரி என்று எப்படித் தெரியும், ஒரு பக்கம் படி என்றார் அஞ்சலை. நித்யா ராஜா சபைக்கு வருகிற இடத்தைப் பிரித்தாள். அந்த ஒல்லி உடம்பில் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொட்டை உடைக்கும் சத்தம் நின்றுபோனது. ராஜாவைக் கோமாளி கிண்டல் செய்யும் இடத்துக்கு அவளே குரலை மாற்றினாள். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சண்முகம் சார் மட்டும் சிரிக்கவில்லை, அவள் நடிப்பதை இதற்குமுன் பார்த்திராதவர், பார்த்தது பார்த்தபடி நின்றார்.

புத்தகத்தைத் தட்டில் வெற்றிலை மேல் வைக்கச் சொன்னார் அஞ்சலை. ஓரமாக நான் செருகிய ரூபாய் நோட்டை முழங்கையால் தள்ளிவிட்டார். "என் கையெல்லாம் கொட்ட எண்ணெ. பெத்தவரு நிக்கிறாரு, நீங்களே எடுத்துக் குடுங்க" என்றார். சண்முகம் சார் இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பஸ் வந்ததும் அவர் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார், மறுநாள்தான் போவதாக ஏற்பாடு. நித்யா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை வெளியே நீட்டினாள். "ஏறி வந்து மடியில வச்சுக்குங்கப்பா. நான் பஸ்ல தூங்கிடுவேன்."

ஒரு ரூபாய் லாபமில்லாத அந்த வியாபாரத்தை நான் வாய் ஓயாமல் சொல்லிச் சந்தோஷப்படுவதைப் பார்த்து, இனி கல்லாவில் தான் உட்காருவதுதான் குடும்பத்துக்கு நல்லது என்கிறார் என் வீட்டுக்காரர்.