சிக்ஷா கொடுக்காத மேஷ்ட்ரு

கல்லப்பா மேஷ்ட்ருவுக்குப் பெயரில் மட்டும்தான் கல். பாகல்கோட்டை அருகே சுண்ணாம்பு ஆலைப் பள்ளியில் பல வருடமாகத் தற்காலிக ஆசிரியர். பிரம்பைத் தொட்டதே இல்லை. பக்கத்து வகுப்பு ருத்ரப்பாவோ பிரம்பில்லாமல் பாடமே தொடங்கமாட்டார். இருவரில் ஒருவருக்கு வேலை நிரந்தரம்; மற்றவர் அந்த மாதத்தோடு வீட்டுக்கு. முடிவு செய்ய ஆலை முதலாளியின் அண்ணன் சுக்லாஜி கான்பூரிலிருந்து வந்து இறங்கினார்.

ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளைகளிடம் இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “உங்கள் மேஷ்ட்ரு நன்றாக சிக்ஷா கொடுக்கிறாரா?”

அவர் ஊரில் சிக்ஷா என்றால் படிப்பு. கன்னடத்திலோ அது தண்டனை; நம்முடைய சிட்சையும் அதன் உடன்பிறப்புதான். ‘என்னாலும் முடிய வேண்டும்’ என்ற ஆசையைச் சொல்ல சமஸ்கிருதத்தில் பிறந்த சொல், தெற்கே வரும் வழியில் எங்கேயோ கையில் பிரம்பை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

கல்லப்பாவின் வகுப்பு பதறி எழுந்தது. “இல்லவே இல்லைங்க! எங்க சார் ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லைங்க! அம்மா மேல சத்தியம்!” அத்தனை தலைகளும் ஆடிய ஆட்டத்தில் சுக்லாஜிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ருத்ரப்பாவின் வகுப்பில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. “தினமும் கொடுப்பாருங்க!” ஒருத்தி உள்ளங்கையை நீட்டி விம்மி அழுதாள். இப்படியும் ஒரு குருபக்தியா என்று சுக்லாஜியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே ருத்ரப்பாவின் நிரந்தர வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

நடந்ததைப் பள்ளிக் குமாஸ்தா வீட்டுக்கு வந்து சொன்னதும், கல்லப்பாவின் மனைவி சாந்தவ்வா அவரைப் பிடித்துத் தள்ளினாள். “ஓடுங்க! கார் இன்னும் கிளம்பலை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னா போதும், நம்ம சோறு பிழைக்கும்!”

பள்ளி வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் வகுப்பே அவரைச் சூழ்ந்துகொண்டது.

“பயப்படாதீங்க சார்,” என்றாள் கஸ்தூரி. “அந்த ஆளு உங்களை மாட்டிவிடத்தான் கேட்டாரு. நாங்க விட்டுக்கொடுப்போமா? பாவம், ருத்ரப்பா சாருக்குத்தான் வேலை போயிருக்கும்!”

கார்க் கண்ணாடி இறங்கியது. “என்ன விஷயம்?” என்றார் சுக்லாஜி.

இப்போது விளக்கினால், தன் வேலையைப் பறித்தது யார் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். கல்லப்பா கைகூப்பினார். “ஒண்ணுமில்லைங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.”

புழுதிக்குள் ஓடிவந்த சாந்தவ்வா தலையில் அடித்துக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற மனுசனுக்கு ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வாய் வரலையே!”

கஸ்தூரி நீட்டிய கடலைமிட்டாயைக் கல்லப்பா வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பேசாமலிருக்க அது வசதியாக இருந்தது.