பின்பலகையில் ஒரு கல்

அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் எல்லாரும் அவளைத் 'தக்கை' என்றுதான் கூப்பிட்டார்கள். வலையைத் தண்ணீரில் மூழ்காமல் பிடித்து நிறுத்துகிற மிதவைக்குத்தான் அந்தப் பெயர். அவளும் அப்படித்தான் இருந்தாள். பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுவாளோ என்று தோன்றும் உடம்பு.

இருபத்திரண்டு வருடம் அவளும் கணவனும் ஒரே படகில் மீன் பிடித்தார்கள். பின்பலகையில் அமர்ந்து அவன் துடுப்புப் போடுவான். முன்பலகையில் இவள் வலை இழுப்பாள். அவன் பேசாத மனிதன். "ம்" என்பதற்கே நல்ல நாள் பார்ப்பான் என்று கரையில் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஒன்று. வலையைத் தூக்க இவள் இடப்பக்கம் குனிகிற அதே நொடியில் அவன் வலப்பக்கம் சாய்ந்துவிடுவான். சின்னப் படகு. ஒருவர் குனிந்து மற்றவர் சாயாவிட்டால் கவிழ்ந்துவிடும். ஒருநாளும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை, 'சாயுங்கள்' என்று சொன்னதுமில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள் என்றால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவனை மூன்று நாள் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மருத்துவமனையில் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே ஓடினாள். மருந்தோடு படியேறி வந்தபோது கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்துப் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படாமல் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

குழந்தை இல்லை. வீட்டில் இரண்டு தட்டுகள், இரண்டு தலையணைகள். கழுவ வேண்டியதே இல்லாத தட்டையும் தினமும் கழுவி வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் படகை இறக்கினாள். அவள் மட்டும் முன்னால் உட்கார்ந்ததும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. துடுப்பைப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. கரைக்குத் திரும்பி, கொல்லையில் அவன் போட்டுத்தந்த துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்து உருட்டிவந்து பின்பலகையில் ஏற்றினாள். அவனுடைய கட்டம் போட்ட சட்டையை அதற்குச் சுற்றினாள். பலகை தேயக்கூடாது என்பதற்காகவாம். கேட்டவர்களிடம் அப்படித்தான் சொன்னாள்.

மீனவர் சங்கச் செயலாளர் ஒருநாள் கரைக்கே வந்துவிட்டார்.

"ஒரு படகுக்கு ரெண்டு ஆள் இருக்கணும்மா. மாசக் கடைசிக்குள்ள துணைக்கு ஆளைக் காட்டு. இல்லேன்னா படகு நம்பரைத் திருப்பிக் கொடுத்துடு. நம்பர் இல்லாம படகை இறக்கக் கூடாது."

"துணை இருக்கே சார்."

"எங்கே?"

"பின்பலகையில."

அவர் சட்டை போட்ட கல்லைப் பார்த்தார். சிரிப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மாசக் கடைசி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படகும் போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? அவன் உட்கார்ந்த இடம் என்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு பலகைதான்.

ஐஸ் கொட்டகையில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். அண்ணிக்கு மூன்று மடங்கு இருப்பாள்.

"நான் வர்றேன் அண்ணி. உங்க கல்லை விட நான் கனம். கூடவே பேச்சும் இலவசம்."

"பேச்சுதான் வேணாம்னு பாக்குறேன்."

"அவரு உங்களுக்குப் புருஷன்னா எனக்கு அண்ணன். அந்தப் பலகையில எனக்கும் பங்கு இருக்கு."

"அங்க ஆள் இருக்கு," என்றாள் தக்கை. நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் நல்ல காற்று. வலையில் பெரிய கட்லா ஒன்று சிக்கியிருந்தது. கயிறு கையை அறுத்தது. எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி ஒரு மீன்! அந்த ஆவலில், கல்லை ஏற்றியதிலிருந்து குனியாமல் மெல்ல மெல்ல இழுத்துவந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மூச்சை உள்ளே இழுத்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், உடம்பு முழுவதையும் இடப்பக்கம் போட்டுக் குனிந்தாள்.

கல் சாயுமா? கல்லுக்கு அவள் மூச்சு கேட்குமா?

ஈரப் பலகையில் அது அவள் பக்கமே வழுக்கியது. ஒரே புரட்டு. தலைக்கு மேல் தண்ணீர்.

கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடந்தவளைக் கரையிலிருந்து பார்த்தது நாத்தனார்தான். அவள் தினமும் ஐஸ் உடைத்தபடியே அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. யாருடைய படகையோ அவிழ்த்துக்கொண்டு வந்து, அண்ணியைக் கொத்தாகத் தூக்கி அதில் போட்டாள்.

"கல்லு போயிடுச்சுடி... சட்டையோட போயிடுச்சு..."

"போகட்டும்! எங்க அண்ணன் இருந்திருந்தா அதை முதல் நாளே தூக்கித் தண்ணியில போட்டிருப்பாரு!" என்று கத்தியவள், அதற்கு மேல் முடியாமல் துடுப்பை விட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நடுத் தண்ணீரில் இரண்டு பெண்களும் அழுதுகொண்டிருக்க, படகு தன்பாட்டில் மிதந்தது.

மாதக் கடைசியில் சங்கப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து விழுந்தது.

மறுநாள் காலை நாத்தனார் பின்பலகையில் உட்கார்ந்ததும் படகின் முன்பக்கம் எழும்பியது.

"மூக்கு மேகத்தைப் பாக்குது அண்ணி. நீங்க ரெண்டு வேளை கூடச் சாப்பிட்டாத்தான் இது சரிப்படும்."

தக்கை சிரிக்கவில்லை. வலையைப் பிடித்தாள், மூச்சை இழுத்தாள், குனிந்தாள். படகு சரிந்தது. விளிம்பு தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. நாத்தனார் அலறிக்கொண்டே பின்னால் விழுந்து சாய்ந்தாள்.

"எப்ப சாயணும்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே!"

நியாயம்தானே? சொன்னால்தானே தெரியும்?

வலைக்கயிறு கையில் இருந்தபடியே இருந்தது. வெகுநேரம் அவள் குனியவில்லை. பின்னால் இருப்பவள் உள்ளே வந்த தண்ணீரைக் கையால் இறைத்துக் கொட்டினாள்.

கடைசியில், திரும்பிப் பார்க்காமல், தக்கை சொன்னாள்:

"சாயி."

படகு நேராக நின்றது. வலையின் முதல் பாகம் ஏறியது. அடுத்த பாகத்துக்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொல்ல வேண்டியிருந்தது.