சத்தம் முடிந்தால்தான் படம் வரும்

எதையாவது நோண்டிக்கொண்டே இருக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்தச் சாரல் சீசனுக்குக் குத்துக்கல்வலசையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவன் பேசாமல் படுத்தேனா என்றால் இல்லை. பரணில் ஏறி அப்பாவின் துபாய்ப் பெட்டியை இறக்கினேன். நான் தேடியது ஒரு கேசட். அதற்குள் ஒரு குகை இருந்தது. குகையின் கோடியில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேசட்டுக்குள் ஏது குகை என்று கேட்பீர்கள். அப்பா துபாயில் வேலை பார்த்த காலத்தில், ஒரு லீவுக்கு வரும்போது கம்ப்யூட்டர் ஒன்று கொண்டுவந்தார். பார்த்தால் வெறும் கீபோர்டு. அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு வயர். அந்தக் குகை விளையாட்டெல்லாம் கேசட்டில்தான் இருக்கும். ஓடவிட்டால் கீஈஈ, கர்ர்ர் என்று காதைக் குடையும் சத்தம். டிவியின் ஓரத்தில் கலர் கலராகக் கோடுகள் ஓடும். சத்தம் முழுக்க ஓடி முடிந்தால்தான் படம் வரும். நடுவில் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டு வோல்டேஜ் இறங்கியதோ, போச்சு, திரும்பவும் முதலிலிருந்து. நானும் தங்கச்சியும் அசையாமல் உட்கார்ந்திருப்போம். இன்றைக்குப் போனில் வட்டம் கொஞ்சம் சுற்றினாலே திட்டித் தீர்க்கிற நான்தானா அது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது.

"என்ன கண்றாவிலே இது? கிரைண்டருக்குள்ள கல்லு மாட்டுன மாதிரி! நிப்பாட்டு."

"இரும்மா, சத்தம் முடிஞ்சாத்தான் படம் வரும்" என்பாள் தங்கச்சி. அம்மா வாசற்படியில் நின்று, டிவியைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்னொரு வகைக் கேசட்டும் எங்கள் வீட்டில் உண்டு. துபாய்க்குப் போகிற கேசட். ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறுகிறார்கள் என்றால், டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்குப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிடுவோம். அங்கே அப்பாவோடு அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். எந்த வீட்டுக் கேசட் வந்தாலும் அது அந்த அறைக்கே பொது.

ஒரு சாரல் சமயம். அப்பாவின் ஒப்பந்தம் முடிகிற நேரம். திரும்பவும் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கே வந்துவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இலத்தூர்க்காரர் ஒருவர் அன்றைக்கே கிளம்புகிறார் என்று திடீரெனத் தகவல் வந்திருக்கிறது. வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், குளிக்க வந்திருந்த சொந்தக்காரர்களையெல்லாம் எங்கள் விளையாட்டுக் கேசட்டில் பேசவைத்து, அம்மா அதைக் கொடுத்தனுப்பியும் விட்டாள். நாங்கள் கத்திய கத்தலில் சொந்தக்காரர்கள் மறுநாளே ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும்!

"வெறும் கரகரப்புதானலே இருந்துச்சு" என்றாள் அம்மா. ஆரம்பம் அழிந்துவிட்டால் அந்த விளையாட்டு ஏறவே ஏறாது. குகையும் போச்சு, கதவும் போச்சு.

அப்பாவும் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசும்போதுதான் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. அம்மா ஏதாவது குறைபட்டுக்கொண்டால் போதும், "ஒரு வார்த்தை வான்னு சொன்னியா நீ? அன்னைக்கே வந்திருப்பேனே" என்பார்.

"சொன்னேன். உங்க காதுலதான் ஏறல."

"எப்பச் சொன்ன?"

அதற்கு மேல் அம்மா வாயைத் திறக்க மாட்டாள். யார் சொல்வது உண்மை என்று எங்களுக்கு மண்டை காயும்.

பெட்டியின் அடியில் கேசட் கிடைத்தது. மேலே பதிவு செய்ய முடியாதபடி விளையாட்டுக் கேசட்டில் ஒரு துளை இருக்கும். அதில் அம்மா மடித்துச் செருகிய காகிதம் அப்படியே இருந்தது. நான் தேடிப்பிடித்து வாங்கிய பழைய டேப் ரிக்கார்டரை லேப்டாப்பில் மாட்டினேன். விளையாட்டில் மிச்சம் ஏதாவது தேறாதா என்ற நப்பாசைதான்.

"மெயினருவில தண்ணி சும்மா வெளுத்து வாங்குது மாப்ள" என்று ஆரம்பித்தது கேசட். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கடைசியில் அம்மா: "எல்லாரும் சொகமா இருக்கோம். உடம்பைப் பாத்துக்கிடுங்க." டக். உடனே அந்தப் பழைய கீஈஈ. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"நிப்பாட்டுலே, அவ்வளவுதான் அது" என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா. "அங்கனயும் இதோட நிப்பாட்டிட்டேன். ரூம்ல எல்லாவனும் காதைப் பொத்திட்டு எந்திரிச்சுட்டானுவ."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"நிப்பாட்டிட்டீங்களா?"

"பின்ன, இந்தக் கண்றாவியை எவன் கேப்பான்?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "ஓடட்டும்லே" என்றாள்.

ஓடியது. லேப்டாப்பில் கோடுகள் ஏறி இறங்கின. அப்பா எரிச்சலோடு எழப்போனார். டக். சத்தம் நின்றது. அம்மாவின் குரல், மைக்குக்கு வெகு அருகில், ரொம்பத் தணிவாக:

"இப்ப எல்லாரும் எந்திரிச்சுப் போயிருப்பாவ. உங்களுக்கு மட்டும் சொல்லுதேன். சம்பாதிச்சது போதும். கையெழுத்துப் போடாண்டாம். வந்துருங்க. என்னால ஒத்தையில முடியல."

திரும்பவும் கீஈஈ.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "யம்மா, இதை ஏன் கொண்டுபோய் அங்கன வச்ச?"

"ஊரே கேக்குற கேசட்டுல இதை எப்படிலே சொல்ல? அந்தச் சத்தம் வந்தா மத்தவங்க போயிருவாவன்னு தெரியும். சத்தம் முடிஞ்சாத்தான் படம் வரும்னு நீங்க ரெண்டு பேரும் எம்புட்டு நேரம் உக்காந்திருப்பீங்க! உங்கப்பாவும் உக்காந்திருப்பாவன்னு நெனச்சேன்." கரண்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "கேட்டுட்டும் வரலன்னுதான் இத்தனை வருசமும் நெனச்சிட்டு இருந்தேன்."

அப்பா நாற்காலியை டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா போடு" என்றார்.

"அம்மா பேசுத எடத்துல இருந்தாப்பா?"

"இல்ல. அந்தச் சத்தத்துல இருந்து."