முன்னாடி நில்லுங்க

சிங்கப்பூரில் எங்கள் பிடோக் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கல் மேசை ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நேற்று ஒரு சீன அப்பா தன் மகளுக்குச் சைக்கிள் பழக்கினார். பின்சக்கரத்தின் இரு பக்கமும் இருந்த குட்டிச் சக்கரங்களைக் கழற்றித் தூணோரம் வைத்திருந்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி ஓடினார். "டாடி ஹோல்டிங், டாடி ஹோல்டிங்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். சொல்லும்போதே கையை எடுத்துவிட்டார். பிள்ளை தனியாகப் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் பொய் சொன்னவருக்கு ஊரே கைதட்டுகிறது. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அது எனக்குப் பழகவில்லை. நானும் ஒருநாள் அப்படிக் கைதட்டல் வாங்கியவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை, நாலு பேர் முன்னால் பேசியும் பழக்கமில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுபத்தைந்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். என் வீட்டுக்காரர் இங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். "கைக்குழந்தையை மட்டும் கொண்டு வா. பெரியவள் அக்காவிடம் இருக்கட்டும். ஆறு மாதத்தில் வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்ளலாம்" என்று கடிதம் போட்டிருந்தார். பெரியவள் ஸ்டெல்லாவுக்கு அப்போது நாலு வயது. சின்னவள் ரீட்டா ஒன்பது மாதக் குழந்தை. அக்கா என்பது என் நாத்தனார்; பிள்ளை இல்லாமல் கணவரை இழந்தவர். கப்பல் ஏறிய அன்று காலையில் ஸ்டெல்லா என் முந்தானையை விடவே இல்லை. "சொல்லிட்டுப் போனா புள்ள கத்தும். நான் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுக்குள்ள நீ கிளம்பிரு" என்றார் நாத்தனார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். பிள்ளை அழக்கூடாது என்று சொல்லாமல் போவோம். போனபிறகு அது அழுவது நம் காதில் விழாது, அவ்வளவுதான். "அம்மா இங்கதான் இருக்கேன், நீ போயி மிட்டாய் வாங்கிட்டு வா" என்று அவள் விரலைப் பிரித்து அனுப்பினேன்.

குவீன்ஸ்டவுனில் எங்களுக்கு ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது. ஆறு மாதம் ஒரு வருஷமானது, இரண்டானது. பெரியவளை எப்போது அழைப்பது என்று வீட்டுக்காரரைக் கேட்கும்போதெல்லாம் "இமிகிரேஷன்ல பேப்பர் போட்டிருக்கு, வரும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஸ்டெல்லாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அதிகாரிகள் மனசு இளக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். பாவம், அந்த அதிகாரிகளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.

ஐந்தாவது வருஷம் வீட்டுக்காரர் பெயருக்கு நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் கடிதங்களை நான் பிரிப்பதில்லை. அன்று ரீட்டா விளையாட்டாகப் பிரித்துவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பிள்ளையை எனக்கென்று நீயாகத்தானே தம்பி தந்தாய். உன் பெண்டாட்டி கேட்டு எழுதுகிறாள். நான் என்ன பதில் போடட்டும்?' என்று இருந்தது. பேப்பர் எதுவும் போடவே இல்லை. சாயங்காலம் அவர் வந்ததும் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றியபடியே, "அக்காவுக்கு யாரு இருக்கா? நமக்குத்தான் இன்னொண்ணு இருக்குல்ல" என்றார்.

எட்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. எப்போதும் பேசாதவள் என்பதால் அவருக்கு அது தெரியவே மூன்று நாளாயிற்று. ஒன்பதாம் நாள், "என் புள்ள வரணும். இல்லேன்னா நான் போறேன்" என்றேன். அதற்கப்புறம்தான் பேப்பர் போட்டார்.

எண்பத்தொன்றில் அவரே போய் ஸ்டெல்லாவைக் கூட்டி வந்தார். பத்து வயதுப் பெண். இரட்டைச் சடை. கையில் ஒரு துணிப்பை. கதவைத் திறந்ததும், "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நாங்கள் மக்சிக் என்போம். ஆறு வருஷப் பழக்கம். அவர் எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். "அனாக் சாயா" என்றேன், என் பிள்ளை என்று. மக்சிக் சிரித்துவிட்டார். என் மலாய் தப்பென்று நினைத்து, அக்காள் பிள்ளை என்று எப்படிச் சொல்வது என நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். இப்படி ஒரு மகள் இருப்பதை நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொன்னதில்லையே. நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

ஸ்டெல்லா பையைப் பிரிக்கவில்லை. துணியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி பையிலேயே மடித்து வைப்பாள். ஒரு மாதம் கழித்து, "லீவு முடிஞ்சிருச்சே, எப்ப ஊருக்கு? எங்க அம்மா தேடுவாங்க" என்றாள். அவளுக்கு அம்மா என்றால் நாத்தனார். நான் சிங்கப்பூர் அம்மா. லீவுக்குச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அவர் கூட்டி வந்திருக்கிறார். என்னை ஏமாற்றியது போதாதென்று பிள்ளையையும் ஏமாற்றியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அழவில்லை. அன்றைக்குத்தான் பையைப் பிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ரீட்டா சைக்கிளுக்காக அடம்பிடித்தாள். "குட்டி வீல எடுத்துருமா. கீழ எல்லாரும் என்னை பேபி பேபிங்கிறாங்க லா" என்று ஒரே அழுகை. எங்கள் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஐந்து வரைக்கும் சைக்கிளைப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஸ்டெல்லா பின்னால் வந்து கார்கள் நிறுத்தும் இடத்துப் படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் ஸ்பேனரால் குட்டிச் சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டைப் பிடித்தேன்.

"புடிச்சிருக்கியாமா?"

"புடிச்சிருக்கேன்டி, மிதி."

"விட்றாத!"

"விட மாட்டேன், விட மாட்டேன்."

விட்டுவிட்டேன். அவள் பத்துப் பதினைந்து கஜம் தானாகப் போனாள். மேலே தாழ்வாரத்தில் நின்ற மக்சிக் "பண்டாய்! பண்டாய்!" என்று கைதட்டினார். கெட்டிக்காரி என்று அர்த்தம். ரீட்டா திரும்பிப் பார்த்தாள், நான் தூரத்தில் நிற்பதைக் கண்டாள், புல்லில் போய் விழுந்தாள். "பொய் சொல்லிட்ட! அம்மா பொய்யி!" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் சிரித்துக்கொண்டே, "இன்னொரு வாட்டிமா" என்றாள்.

நானும் சிரித்துக்கொண்டே படிப்பக்கம் திரும்பினேன். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை மிட்டாய் வாங்கினேன்" என்றாள். "உங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். இங்கதான் இருக்கேன்னீங்க. வீடெல்லாம் தேடினேன். கையிலயே கரைஞ்சு ஒட்டிக்கிச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வயதில் நடந்தது பிள்ளைக்கு நினைவிருக்காது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் நம்பினேன், நம்பினால்தானே இங்கே சோறு இறங்கும்.

அதன்பிறகு ஸ்டெல்லாவும் சைக்கிள் பழக ஆரம்பித்தாள். யாரையும் தொடவிடவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போய்விடுவாள். அந்தச் சின்னச் சைக்கிளில் அவள் முட்டி கைப்பிடியில் இடிக்கும். நான் ஏழாவது மாடியிலிருந்து பார்ப்பேன். விழுவாள், எழுவாள். முழங்கால் தோலெல்லாம் போயிற்று. "நான் புடிக்கிறேனே" என்று இரண்டு தடவை கேட்டேன். "வேணாம்" என்பாள். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளை என்னை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அவளாகவே அடுக்களைக்கு வந்து, "கீழ வர்றீங்களா?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சீட்டைப் பிடிக்கப் போனதும் தடுத்துவிட்டாள்.

"பின்னாடி வேணாம். முன்னாடி நில்லுங்க. அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட. நான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே மிதித்தாள். பாதி தூரத்தில் விழுந்தாள். நான் ஓரடி எடுத்து வைத்ததும், "வராதீங்க! அங்கயே நில்லுங்க!" என்று கத்தினாள். நின்றேன். மறுபடி விழுந்தாள். அப்போதும் நின்றேன். காலில் ரத்தம் வழிந்தது. பெற்ற பிள்ளை விழுவதைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. நாலாவது தடவை விழாமல் வந்தாள். முன்சக்கரம் என் செருப்பைத் தொட்டதும் காலை ஊன்றினாள். கட்டிக்கொள்வாள் என்று கையை நீட்டினேன். அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "இன்னொரு வாட்டி" என்று கிளம்பிப் போனாள். இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

எட்டு வருஷம் எங்களோடு இருந்தாள். படித்தாள், தங்கையைப் பார்த்துக்கொண்டாள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. என்னை 'நீங்க' என்பதை மட்டும் விடவில்லை. ரீட்டா என்னை 'நீ, வா, போ' என்று கத்தும்போதெல்லாம் எனக்கு அது மூத்தவளிடமிருந்து வராதா என்று இருக்கும். பதினெட்டு முடிந்ததும், நாத்தனார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தெரிந்து ஊருக்குக் கிளம்பினாள். சாங்கி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் என் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொல்லிட்டுத்தான் போறேன்" என்றாள்.

"எப்பம்மா வருவ?"

"அத மட்டும் கேக்காதீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது."

வரவில்லை. நாத்தனாரை அடக்கம் செய்த பிறகும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். என் வீட்டுக்காரர் காலமானபோது பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போனாள். வருஷத்துக்கு ஒரு மாதம் நான் அங்கே போகிறேன். தெருவில் என்னைச் சிங்கப்பூர் அம்மா என்கிறார்கள். இங்கே பிடோக்கில் கேட்டால் நான் ஊர்க்கார ஆன்ட்டி.

நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் நாளில் அவள் முகத்துக்கு நேராக நின்று, "போயிட்டு வர்றேன்" என்று மூன்று தடவை சொல்வேன். தலையை ஆட்டுவாள். பிறகு வாசலில் நிற்க மாட்டாள். வாடகைக் காருக்கு முன்னால் போய், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டிரைவர் ஹார்ன் அடிப்பார். "ஃப்ளைட்டுக்கு நேரமாகுதும்மா. அவங்கள நகரச் சொல்லுங்க" என்பார்.

நான் சொன்னதே இல்லை.