மாமாவின் ரன் அவுட்

என் அப்பாவும் மாமாவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஞாயிறு தவறாமல் எங்கள் எஸ்டேட் வீட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பொழுது சாயும்வரை கிரிக்கெட் ஆடுவார்கள். மட்டையும் கிடையாது, பந்தும் கிடையாது. லூடோ பெட்டியிலிருந்து எடுத்த பகடைகள், தேயிலை அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த சீட்டுகள், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய விதிகள், அவ்வளவுதான்.

அவர்கள் ஆடியது நான் பிறப்பதற்கு முன்பு மலையில் நடந்த ஒரு கோப்பைப் போட்டியை. அந்த ஒரு வருஷத்து ஆட்டங்கள் அத்தனையையும், அதே அணிகள், அதே ஆட்களோடு பகடையில் மறுபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் விளாசுவான், யார் கட்டை போட்டே கழுத்தை அறுப்பான் என்பதெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். அணியில் ஆளுக்கொரு சீட்டு, பகடையில் விழும் எண்ணுக்கு அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடந்ததாகக் கணக்கு. பகடை உருட்டுவது என் வேலை. அவர்கள் கையில் கொடுத்தால் ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள்.

பேச்சு நின்றதற்குக் காரணம் அந்த வருஷத்து ஃபைனல். மாமா வெடிமருந்து பேக்டரி அணி, அப்பா எஸ்டேட் அணி. கடைசி ஓவரில் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும், மாமா ஓடினார். அன்றைக்கு ஆள் பற்றாமல் அம்பயராக நின்ற அப்பா விரலைத் தூக்கிவிட்டார். கோப்பை எஸ்டேட்டுக்குப் போனது. அதற்கு முந்தைய தை மாதத்தில்தான் மாமா தன் தங்கையை, அதாவது என் அம்மாவை, அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். “பொண்ணக் குடுத்தவனுக்கு உங்கப்பா அவுட்டக் குடுத்தாரு அம்முணி” என்று மாமா என்னிடம்தான் சொல்வார், அப்பாவுக்குக் கேட்கும்படி. அப்பா சீட்டை அடுக்கிக்கொண்டே, “பேட்டு ஆகாசத்துல இருந்துச்சுன்னு சொல்லு பாப்பா” என்பார். நான் நடுவில் உட்கார்ந்திருக்கும் டெலிபோன்.

அத்தை இறந்த பிறகு மாமா மலையிலேயே காந்தலில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். பேக்டரி வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். கீழே சமவெளியில், கோபியில் இருக்கும் அவருடைய பெரியப்பா மகன் அங்கே வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “இந்த சீசன் ஆட்டம் முடியட்டும், எறங்கிடறேன்” என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மலையை விட்டு இறங்கினவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் திரும்பி வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு மாமா வேண்டும். எனவே நானாக ஒரு கணக்குப் போட்டேன். ஃபைனலில் மறுபடி தோற்றால் கோபத்தில் போய்விடுவார்; ஜெயித்தால் கோபம் தீர்ந்துவிடும், இங்கேயே இருந்துவிடுவார்.

ஃபைனல் ஆடிய ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. எஸ்டேட் அணி ஆடி முடித்தது. பேக்டரி அணியின் விக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கடைசியாக மாமாவின் சீட்டுதான் மிஞ்சியது. கடைசி ஓவர், இரண்டு ரன் வேண்டும். உருட்டினேன். இரண்டு பகடையிலும் ஒன்று.

எங்கள் விதிப்படி அது ரன் அவுட் அப்பீல். ஒரே ஒரு பகடையை மறுபடி உருட்ட வேண்டும். ஒற்றை விழுந்தால் அவுட், இரட்டை விழுந்தால் இல்லை. அதுவரை ஆட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காத அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். பகடை என் உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. உதறிப் போட்டேன். அது டம்ளரில் மோதி, மேசை விளிம்புவரை ஓடி நின்றது.

நான்கு.

“அவுட் இல்ல!” என்று கத்தினேன். அடுத்த உருட்டலில் பவுண்டரி. பேக்டரி ஜெயித்துவிட்டது. நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன். எத்தனை வருஷத்துப் பழி! துடைத்தாகிவிட்டது!

மாமா குதிக்கவில்லை. தன் சீட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து மப்ளரைக் கழுத்தில் சுற்றினார். “முடிஞ்சுது அம்முணி. இந்த வாரம் கோபிக்குக் கெளம்பறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு” என்றார். அம்மா அங்கேயேதான் நின்றாள். என் கணக்கு எங்கே தப்பியது என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“உக்காருங்க மச்சான். அன்னிக்கு ஃபைனல்ல பந்தே தெரியாம மிஸ்ட் எறங்குச்சுங்களா, இல்லீங்களா?”

மாமா கதவருகில் நின்றார். “எறங்குச்சு.”

“நாம ஆடுனதுல மிஸ்ட்டே இல்லீங்களே. இந்த மலையில மிஸ்ட் எறங்காம ஒரு மேட்ச்சாவது நடந்திருக்குதுங்களா? இது ஒண்ணும் செல்லாது. மொதல் மேட்ச்சுல இருந்து திரும்ப ஆடோணும்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “அதெப்படிங்கப்பா? மாமா ஜெயிச்சுட்டாரு!” என்று கத்தினேன். அப்பா காதில் வாங்கவே இல்லை. மாமா விடமாட்டார், ஒரு பிடி பிடிப்பார் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் மப்ளரை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க மாப்ள. பெரிய தப்புத்தான் அது” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். “மிஸ்ட்டுக்கு ஒரு ரூல் எழுதோணும். அம்முணி, பேனா எடுத்துட்டு வா.”

பேனாவைக் கொண்டுவந்து மேசைமேல் எறிந்தேன். அம்மா என்னை அதட்டவில்லை. மாமாவிடம் ராத்திரிக்குக் களி போதுமா, சோறும் ஆக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து மாமாவுக்காக அழுதேன். அப்பா தோற்றதும் அழுகுணி ஆட்டம் ஆடிவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மாமாவைப் போல ஒரு ஏமாளி உலகத்தில் இருக்க முடியாது என்றும் சொன்னேன். இனிமேல் இவர்களுக்குப் பகடை உருட்டுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபிக்கு ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.