அண்ணே என்று கூப்பிட்ட மனைவி

டத்தோ கிராமாட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் என் ஆலோசனை அறை இருக்கிறது. மனம் உடைந்து வருகிறவர்களோடு பேசுவது என் தொழில். போன வருடம் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் வரத் தொடங்கினார். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தாள்.

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒன்னும் இல்ல டாக்டர். வீட்டுக்காரிக்குத்தான் மறதி நோய்," என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

மனைவிக்கு மகளைத் தெரிந்தது, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியைத் தெரிந்தது. அவரை மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் படுத்தால் பயந்து அலறினாள். அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார்.

"காலைல கோப்பி கலக்கிக் கொண்டுபோய் கொடுத்தா, 'நன்றிண்ணே, எங்க வீட்டுக்காரர் வந்துருவாரு, நீங்க கெளம்புங்க'ங்கிறா லா. இத்தன வருஷம் குடும்பம் நடத்திட்டு, என்னை அண்ணேன்னு கூப்புடுறா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாதக்கணக்காக அவருக்கு அழுகையே வரவில்லை.

மனைவி உயிரோடு வீட்டில் இருக்கும்போது எந்த இழப்பைப் பற்றி அவரோடு பேசுவது? கடைசியில், "நான்தான் உன் புருஷன்னு வாதாடாதீங்கண்ணே. அவங்க உங்கள யாருன்னு நெனைக்கிறாங்களோ, அப்படியே இருந்து பாருங்க," என்றேன்.

"அப்ப நான் யாரு டாக்டர்?"



மனைவியின் கண்ணுக்கு அவர் டாக்சி ஓட்டுநர் ஆனார். சாயங்காலம் அவள், "என்னை வீட்டுல கொண்டுபோய் விடுங்கண்ணே," என்று காரின் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். செம்பனைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு அதே வாசலில் கொண்டுவந்து இறக்குவார். அலறல் நின்றது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிறகு ஒரு நாள் வந்தார்.

"நேத்து கார்ல சொன்னா, 'எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவருண்ணே. என்னைத் தேடி வராம இருக்க மாட்டாரு. செத்துட்டாரு போல, யாரும் எங்கிட்ட சொல்லல'ன்னு. பின்னால உக்காந்து எனக்காக அழுதுக்கிட்டே வந்தா டாக்டர். நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. முகத்தை மூடாமல், சத்தமில்லாமல் அழுதார். மனம் திறக்கும் இடம் இதுதான், ஆறுதல் இங்கேதான் தொடங்கும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதவியாக நான் சொன்ன யோசனை, அந்த அம்மாவை விதவையாக்கிவிட்டிருந்தது.

தீபாவளிக்குப் பிறகு சளிக்காய்ச்சல் கண்டு அந்த அம்மா இறந்துபோனார். காரியம் முடிந்து அவர் ஒரே ஒரு முறை வந்தார். இளைத்திருந்தார்.

"இப்ப அழ வருது டாக்டர். நிறுத்தத்தான் தெரியல," என்றார்.

அடுத்த வாரமும் வரச் சொன்னேன். தலையாட்டினார், வரவில்லை. போன் செய்தபோது மகள் எடுத்தாள்.

"அப்பா சாப்புடுறாரு, தூங்குறாரு மிஸ். யார்கிட்டயும் பேசறதில்ல. நாங்க கூப்புட்டா, வேற யாரையோ கூப்புடுற மாதிரி பாக்குறாரு."

நான் நேரில் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ். விட்டுருங்க," என்றாள்.