கோகிலா ஏற்றிய லோடு

கோகிலாவின் வாய்க்குப் பயந்தே மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பாதிப் பேர் வண்டியைப் பதமாக ஓட்டுகிறார்கள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இறங்கும் சரிவில், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவளுடையது. ஐ.டி.ஐ. முடித்து, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஆம்பளைகளோடு மல்லுக்கட்டி வேலை பார்த்துவிட்டு, மலைக்கே திரும்பி வந்து கடை போட்டவள். ஆயில் மாற்றாமல் வண்டியைக் கொண்டுவருகிறவன் அன்றைக்குத் தொலைந்தான். "ஏனுங்ணா, நீங்க மட்டும் மூணு வேளையும் திங்கறீங்க, வண்டி பட்டினி கெடக்கோணுமா?" என்று நடுரோட்டிலேயே கேட்டுவிடுவாள். வண்டிக்காரன் முகம் சுண்டிப்போகும். அடுத்த முறையும் அவளிடம்தான் வருவான். வேறெங்கே போவான், அந்தக் கை வேறு யாருக்கு இருக்கிறது?

அர்த்தனாரியும் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அவனிடம் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் இருந்தது. மரவள்ளிக்கிழங்கை மலையிறக்குவான், திரும்பும்போது கடைச் சாமான்களை ஏற்றி வருவான். கூடவே மனைவி அத்தாயியும் போவாள். வளைவில் வண்டி திணறினால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது அவள் வேலை. "கிளீனருக்கு வக்கில்லாம பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறான்" என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டுமே! அத்தாயியைப் போலக் கல் வைக்க எந்தக் கிளீனருக்கும் கை வராது என்பது அவன் கட்சி.

மழை முடிந்த கையோடு வண்டியைச் சனி பிடித்தது. ஏற்றத்தில் போகும்போது மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். எரிந்ததும் இழுவை செத்துப்போகும். கோகிலா ஒரு சின்ன ஸ்கேனரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகிச் செல்போனில் பார்த்தாள். நாக் சென்சார் கோளாறு என்று அதில் எர்ரர் கோடு வந்தது. அர்த்தனாரி திருதிருவென்று விழித்தான்.

"அது இன்ஜினோட காதுங்ணா. உள்ளே பெட்ரோல் ஏடாகூடமா எரிஞ்சா டக்கு டக்குன்னு தட்டும். அதைக் கேட்டு இந்தக் காது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் இழுவையைக் கொறைச்சு இன்ஜினைக் காப்பாத்தும். காதே கேக்கலைன்னா, எதுக்கு வம்புன்னு கொறைச்சே வெச்சிரும். காதை மாத்திப்புட்டா முடிஞ்சுது."

அடித்துத்தான் சொன்னாள். வயரிலும் கரண்ட் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள், நன்றாகவே இருந்தது. புதுச் சென்சாரை மாட்டி அனுப்பினாள்.

அடுத்த லோடிலேயே விளக்கு மறுபடி எரிந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி நடுமலைக்கு வந்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்று, பிரேக்கை மிதித்தும் கேளாமல் ஈரத் தாரில் பின்னால் வழுக்கியது. அத்தாயி குதித்து ஓடிக் கல்லைத் தள்ளிக் கொடுத்தாள். பின் சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே அவள் நிற்பதை அர்த்தனாரி பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அன்றிலிருந்து வளைவு வந்தாலே அவன் கண் அந்தக் கண்ணாடிக்குத்தான் போயிற்று.

கீழே ஒரு பட்டறையில் காட்டினான். "இன்ஜினே போச்சு, பிரிச்சு வேலை செய்யறதுக்குப் பதிலா வித்துப்புடலாம்" என்றார்கள். அவனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் புருசன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை தருவதாகவும் திங்கட்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். "உசுரோட இருந்தாப் போதுமுங்க, போலாம்" என்றாள் அத்தாயி. சொல்லிவிட்டாளே தவிர, காடு மேடெல்லாம் ஓடித் திரிந்தவள் நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டப்போகிறாள் என்று நினைக்கவே அர்த்தனாரிக்கு மனசு வரவில்லை.

வண்டியை விற்க ஆள் பார்க்கச் சொல்லத்தான் கோகிலாவிடம் போனான். நடந்ததைச் சொன்னான். 'உங்களுக்கு ஓட்டத் தெரியலை' என்று பாயப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கோகிலா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "தப்பு என்னுதுங்ணா. ஸ்கேனர் சென்சார்னு சொல்லுச்சு, நானும் சென்சார்னு நம்பிட்டேன். அக்காவுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க கடை நடத்துவேன்?" கண் கலங்கிவிட்டாள். ஊரையே வைது தீர்க்கிறவள் தன்னையும் விடமாட்டாள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். "வெறும் வண்டியா ஏறுறப்போ வெளக்கு எரிஞ்சுதா?"

யோசித்துப் பார்த்தான். எரிந்ததே இல்லை. லோடு ஏற்றி, வளைவில் திரும்பி இன்ஜின் முக்கும்போது மட்டும்தான்.

பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரில் போட்டு லேசாகக் கிளட்சை விடச் சொன்னாள். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். இன்ஜின் ஒரு பக்கமாக எக்கி எழும்பியது. அதைத் தாங்கும் ரப்பர் செத்துப்போயிருந்தது. எழும்பும்போதெல்லாம் சென்சார் வயர் விறைப்பாக இழுபட்டது. ஆனாலும் மீட்டர் வைத்தால் வயர் முழுசாகத்தான் இருந்தது.

"நிக்கற வண்டி பொய் சொல்லுமுங்ணா. எங்க வலிக்குதோ அங்க போய்த்தான் பாக்கோணும். லோடு ஏத்துங்க, போலாம்."

"பின்னால உருளற வண்டிக்கு எவன் அம்மிணி லோடு குடுப்பான்?"

"நான் குடுக்கறேன். கடைக்குத் தளம் போட வாங்கின சிமெண்டு கீழே காரவள்ளியில கெடக்குது. அதை ஏத்துங்க."

மறுநாள் காலையில் மூவரும் காரவள்ளியில் இருந்தார்கள். கோகிலா புது வயர் ஒன்றைச் சென்சாரிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். பழைய வயரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் மீட்டரில் மாட்டி மடியில் வைத்துக்கொண்டாள். வயர் ஒட்டியிருக்கும் வரைக்கும் மீட்டர் 'பீ' என்று கத்தும். விட்டுப்போனால் வாயை மூடும்.

"மீட்டர் சத்தம் நின்னு, வண்டி நிக்கலைன்னா வயருதான் கோளாறு. வண்டியும் நின்னுச்சுன்னா இன்ஜின்தான். நானே ஆள் பாத்து வித்துத் தாரேன், நீங்க திருப்பூருக்குப் போங்க" என்றாள்.

அத்தாயி கல்லோடு சிமெண்ட் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. மீட்டர் காதைப் பிய்த்தது. வளைவுக்கு வளைவு அர்த்தனாரிக்கு வேர்த்துக் கொட்டியது. கோகிலா மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வளைவு வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். இன்ஜின் முக்கியது. மீட்டர் கப்பென்று நின்றது.

அவன் கால் தானாகவே ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது.

"காலை எடுக்காதீங்ணா! மிதிங்க! மாரியாத்தா மேல பாரத்தைப் போட்டு மிதிங்க!"

மிதித்தான். வண்டி குலுங்கியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. விளக்கு எரியவில்லை. வளைவைத் தாண்டி இன்ஜின் தணிந்ததும் மீட்டர் மறுபடி கத்த ஆரம்பித்தது. கோகிலா டாஷ்போர்டை ஓங்கிக் குத்திச் சிரித்தாள். "மாட்டுனியா திருட்டு வயரே!"

ரோடு அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, பழைய வயர் மேலிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தாள். மேல் தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, சும்மா நிற்கும்போது முனையோடு முனை முட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடித்திருக்கிறது. அவள் வெட்டிக் கொடுத்த துண்டை அர்த்தனாரி கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான். இத்தனூண்டு வயர் ஒரு குடும்பத்தையே மலையை விட்டுக் கிளப்பப் பார்த்ததே என்று ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கோகிலா வெட்டிய இடத்தில் புதுத் துண்டு சேர்த்து முறுக்கிச் சுற்றினாள். இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தளர்வாக விட்டாள். "ஊர் போற வரைக்கும் இது தாங்கும். ரப்பரை நாளைக்கு மாத்திக் குடுக்கறேன்" என்றவள், கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"அத்தாயிக்கா, நீங்க முன்னால போய் உக்காருங்க. நேத்து ராத்திரி பூரா இதையே நெனைச்சு எனக்குக் கண்ணே மூடலை. செத்த நேரம் சாயறேன்."

"வளைவுல கல்லு வெக்க ஆள் வேண்டாமா கண்ணு?"

"வேண்டாமுங்க்கா" என்று சொல்லி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சிமெண்ட் மூட்டை மேலேயே நீட்டிப் படுத்துவிட்டாள்.

அர்த்தனாரி வண்டியை எடுத்தான். ஒரு வளைவு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அத்தாயி பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"தூங்கியே போச்சுங்க அந்தப் புள்ள."

அவன் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அடுத்த வளைவை ஒடித்து ஏறி, மேடு தட்டியதும் சொன்னான்: "அத்தாயி, திருப்பூருக்குப் போன் போட்டு, நாம வரலைன்னு சொல்லிரு."

"அதை அவ வயரை முறுக்கிட்டு இருக்கறப்பவே சொல்லிப்புட்டனுங்க."